தாழ்த்திய காருக்கு ரிம் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் ஜாலான் துன் சர்டோன் மலைச்சாலையில், தாழ்த்திய கார் ஒன்று நான்கு நண்பர்களுடன் ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் சக்கரத்துக்கு மேலிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். தனியாக ஓட்டியபோது கேட்காத சத்தம் அது. டயர் மட்கார்டில் உரசுகிறது.

மலேசியாவில் 17 வயதில் காரோட்டும் உரிமம் எடுக்கலாம். வீட்டில் இருக்கும் பழைய மைவியோ சாகாவோ கைக்கு வந்ததும், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் பல இளைஞர்கள் முதலில் செய்வது இரண்டு: ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்துவது, அகலமான ஸ்போர்ட் ரிம் போடுவது. இந்த ஆசையில் தவறில்லை. ஆனால் ரிம்மைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் ஆபத்து. ரிம் பொருந்துமா, உரசுமா என்பதைச் சொல்வது நீங்கள் பள்ளியில் படித்த எளிய கணக்கு.

உரசல் ஏன் ஆபத்து?

585 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.84 மீட்டர் ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு 12 முறை சுழல்கிறது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தைக் கடப்பதற்குள் 7,000 முறைக்கு மேல் சுழன்றுவிடும். கார் பாரத்தால் அமுங்கி, டயர் விடாமல் உரசிக்கொண்டே வந்தால், மட்கார்டின் தகர விளிம்பு அத்தனை முறையும் ஒரே வட்டத்தில் ரப்பரைச் சீவும். டயரின் பக்கச் சுவர், தரையில் படும் பகுதியைவிட மெல்லியது. உள்ளே இருக்கும் இழைகள் அறுந்தால் டயர் புடைத்துக்கொள்ளும், ஓட்டத்திலேயே வெடிக்கவும் கூடும். அப்போது உங்களோடு பின்னிருக்கையில் இருக்கும் நண்பர்களும் ஆபத்தில் இருக்கிறார்கள்.

நான்கு எண்கள்

ரிம் கடைக்குப் போகும் முன் உங்கள் காருக்குரிய நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது பி.சி.டி. நட்டுத் துளைகள் அமைந்துள்ள வட்டத்தின் விட்டம் இது. மைவிக்கு 4x100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு துளைகள். 4x114.3 ரிம் பார்ப்பதற்கு அதே போலத்தான் இருக்கும், ஆனால் பொருந்தாது. துளையை மாற்றிப் போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

இரண்டாவது நடுத்துளையின் அளவு. மைவிக்கு 54.1 மில்லிமீட்டர். கடைகளில் கிடைக்கும் பல ரிம்களின் நடுத்துளை இதைவிடப் பெரியது. அந்த இடைவெளியை நிரப்ப, சரியான அளவில் ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் ரிம் நடுவில் சரியாக உட்காராமல், வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம்.

மூன்றாவது ரிம்மின் அகலம், அங்குலத்தில். நான்காவது ஆஃப்செட், மில்லிமீட்டரில். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று வரைந்தால், அந்தக் கோட்டுக்கும் ரிம் காரோடு ஒட்டி உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரமே ஆஃப்செட். ரிம்மின் உட்புறத்தில் 'இ.டி.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்.

உங்கள் பழைய ரிம் 6 அங்குல அகலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் விரும்பும் ரிம் 7 அங்குலம், ஆஃப்செட் 35. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். கூடிய அகலத்தில் பாதி, அதாவது 12.7, இரு பக்கமும் சேரும். ஆஃப்செட் குறைந்ததால் சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே நகரும். ஆக, வெளி விளிம்பு 22.7 மில்லிமீட்டர் வெளியே வருகிறது, உள் விளிம்பு 2.7 மில்லிமீட்டர் உள்ளே போகிறது. வெளிப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கும் மேல்! அந்த இடம் உங்கள் காரில் இருக்கிறதா?

சமதரையில் காரை நிறுத்தி, மட்கார்டு விளிம்பிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலுக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளங்கள். உட்பக்கம் டயருக்கும் அப்சார்பருக்கும் உள்ள இடைவெளியையும் அளங்கள். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

டயரின் உயரம்

ரிம் பெரிதானால் டயரின் சுவர் குறைய வேண்டும். 2017 இறுதியில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் 1.5 ரகத்தில் டயர் 185/55 ஆர்15. 185-இல் 55 விழுக்காடு 101.75. மேலும் கீழும் சேர்த்து 203.5. அதோடு 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 584.5.

16 அங்குல ரிம்முக்கு 195/45 டயர் போட்டால் விட்டம் 581.9. கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் 17 அங்குலத்துக்கு 205/45 போட்டால் 616.3. வித்தியாசம் 31.8, அதில் பாதியான 16 மில்லிமீட்டர் மட்கார்டின் மேல் வளைவை நோக்கி ஏறும். காரை ஏற்கனவே 30 மில்லிமீட்டர் தாழ்த்தியிருந்தால், இடைவெளியில் மொத்தம் 46 மில்லிமீட்டர் போய்விட்டது. அதோடு, மீட்டர் அதே வேகத்தைக் காட்டினாலும் கார் முன்பைவிட 5 விழுக்காடு வேகமாக ஓடும்.

அளவுக்குப் பக்கத்தில் டயரில் இன்னோர் எண் உண்டு. 82 என்றால் அந்த டயர் 475 கிலோ தாங்கும். 80 என்றால் 450, 84 என்றால் 500. புதிய டயரின் எண் பழையதைவிடக் குறையக் கூடாது.

பணம் கொடுக்கும் முன்

முன்னால் ஒரு ரிம், பின்னால் ஒரு ரிம் டயரோடு மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். மட்கார்டின் உள்விளிம்பில் சிறு களிமண் உருண்டைகளை ஒட்டி, பின்னிருக்கையில் மூவரை உட்கார வைத்து, மேட்டில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். களிமண் நசுங்கியிருந்தால் அங்கே உரசும். ஆளில்லாத கார் நேராக நிற்கும்போது உரசாமல் இருப்பது சோதனையே அல்ல.

ஏற்கனவே வாங்கி மாட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? உயரத்தை மாற்றக்கூடிய அப்சார்பராக இருந்தால், காரைச் சற்று உயர்த்துவதே முதல் வழி. மட்கார்டின் உள்விளிம்பை மடிக்கலாம். ஆனால் சாயம் வெடித்தால், கடல் சூழ்ந்த பினாங்கில் துரு சீக்கிரம் பிடிக்கும். சக்கரத்தின் தலையை உள்ளே சாய்ப்பதும் ஒரு வழிதான், ஆனால் அளவு மீறினால் டயரின் உட்பகுதி மட்டும் வேகமாகத் தேயும். எதுவுமே செய்யாவிட்டாலும், தாழ்த்திய பின் சக்கர அலைன்மெண்ட் பார்ப்பது கட்டாயம்.

ரிம்மில் 'ஜே.டபிள்யூ.எல்.', 'வி.ஐ.ஏ.' முத்திரைகள் உள்ளனவா என்றும் பாருங்கள். முதலாவது ஜப்பானின் அலாய் ரிம் தரம். இரண்டாவது, தனி அமைப்பொன்றின் சோதனையைக் குறிப்பது. முத்திரையையும் போலியாகப் பொறிக்க முடியும் என்பதால், நம்பகமான கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

சட்டமும் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், வாகனத்தில் செய்யும் மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. மட்கார்டைத் தாண்டித் துருத்தும் டயர் சாலைத் தடுப்புச் சோதனையிலும், காரை விற்கும்போது பரிசோதனை மையத்திலும் சிக்கலைத் தரும். செய்யப்போகும் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள்.

கடைக்காரர் "எல்லாம் பொருந்தும் தம்பி" என்று சொன்னால், "ஆஃப்செட் எவ்வளவு அண்ணே?" என்று கேளுங்கள். அந்த எண்ணை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணப்பையைத் திறங்கள்.