ஒற்றைக் கண்ணனின் குகையும் வெண்ணிற அறையும்

ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1968 ஏப்ரலில் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' தன் கிரேக்க மூலத்தைத் தலைப்பிலேயே அறிவித்துவிடுவதால், சென்ற இதழில் பார்த்த 'புரோமிதியஸ்' படத்தைப் போலவே இதுவும் ஒப்பீட்டுக்கு எளிதில் வசப்படும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் இந்தத் தலைப்பு படத்தோடு சேர்ந்து பிறக்கவில்லை. இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் குப்ரிக்கும் 1964இல் நியூயார்க்கில் சந்தித்து, கிளார்க்கின் 'தி சென்டினல்' என்ற சிறுகதையை விரித்துக் கதை அமைக்கத் தொடங்கினர்; 1965 பிப்ரவரியில் எம்.ஜி.எம். நிறுவனம் அப்படத்தை 'ஜர்னி பியாண்ட் தி ஸ்டார்ஸ்' என்ற பெயரில்தான் அறிவித்தது. 'ஒடிசி' என்ற சொல் அதற்குப் பிறகே வந்து சேர்ந்தது. பண்டைய கிரேக்கருக்குக் கடல் எவ்வளவு தொலைவும் மர்மமும் கொண்டிருந்ததோ, அவ்வளவே இன்றைய தலைமுறைக்கு விண்வெளியும் கொண்டிருக்கிறது என்று குப்ரிக் அதற்கு விளக்கம் தந்தார்.

ஹோமர் இயற்றியதாகக் கருதப்படும் 'ஒடிசி', 24 காண்டங்களும் ஏறத்தாழ 12,000 அடிகளும் கொண்ட காப்பியம்; டிராய் போர் முடிந்தபின் இத்தாக்கா தீவின் அரசனான ஒடிசியஸ் தன் வீட்டை அடைவதற்கு 10 ஆண்டுகள் அலைந்த கதையை அது சொல்கிறது. 12 கப்பல்களோடு புறப்பட்டவன், ஒரு தோழன்கூட மிஞ்சாமல் தனியனாய் ஊர் சேர்கிறான். படத்தில் வியாழன் கோளை நோக்கிச் செல்லும் 'டிஸ்கவரி' கலத்தில் ஐவர் இருக்கின்றனர். அவர்களில் டேவிட் போமன் ஒருவனே எஞ்சுகிறான். அவன் பெயருக்கு வில்லாளன் என்று பொருள் என்பதையும், இத்தாக்காவில் ஒடிசியஸ் தன் பழைய வில்லை நாணேற்றியே பகைவரை முடித்தான் என்பதையும் விமர்சகர்கள் பலர் சுட்டியிருக்கின்றனர். 2000ஆம் ஆண்டில் இப்படத்தைப் பற்றித் தனி நூலே எழுதிய லெனார்ட் வீட், பாத்திரப் பெயர்களின் எழுத்துகளை இடம் மாற்றிப்போட்டு மேலும் பல ஒப்புமைகளைக் கண்டெடுத்தார். பொறுமைக்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் எழுத்துகளை எப்படியும் அடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால் எந்தப் படத்திலிருந்தும் எந்தக் காப்பியத்தையும் வரவழைத்துவிட முடியும் என்பதால், அந்த வழியில் நெடுந்தொலைவு செல்வதில் பயனில்லை.

படத்துக்கும் காப்பியத்துக்கும் இடையிலான உறவு, ஒன்பதாம் காண்டத்தில் வரும் சைக்ளோப்ஸ் கதையில்தான் உயிரோடு இருக்கிறது. சைக்ளோப்ஸ் என்போர் நெற்றியில் ஒற்றைக் கண் கொண்ட அரக்கர்கள். அவர்களுள் ஒருவனும் கடற்கடவுள் பொசைடனின் மகனுமான பாலிஃபீமஸின் குகைக்குள் ஒடிசியஸ் தோழர்களோடு நுழைகிறான். படத்தில் அந்த இடத்தில் இருப்பது, கலத்தை நிர்வகிக்கும் ஹால் 9000 என்ற கணினி. சிவந்து ஒளிரும் ஒற்றை லென்ஸே அதன் கண். பார்ப்போர் அனைவரும் உடனே கண்டுகொள்ளும் ஒப்புமை அது. அதைவிட நுட்பமானது கதவு பற்றியது. 22 வண்டிகள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பாறையால் பாலிஃபீமஸ் குகை வாயிலை அடைத்துவிடுகிறான். அவன் உறங்கும்போது வாளால் குத்திக் கொன்றுவிட ஒடிசியஸ் எண்ணுகிறான். ஆனால் அவனைக் கொன்றால் பாறையை நகர்த்த ஆளில்லாமல் எல்லோரும் உள்ளேயே மடிய நேரும் என்பதை உணர்ந்து கையை இழுத்துக்கொள்கிறான். அதனால்தான் அரக்கனுக்கு மதுவூட்டி மயக்கி, நெருப்பில் வாட்டிய ஒலிவமரக் கழியால் கண்ணை மட்டும் குருடாக்குகிறான். போமனும் அவன் சக விண்வெளி வீரன் ஃபிராங்க் பூலும் ஹாலுக்குக் கேட்காதபடி சிறுகலத்துக்குள் அமர்ந்து பேசும்போது எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவேதான். ஹாலை முற்றாக அழித்தால் கலமே இயங்காது. ஆகவே அதன் உயர் சிந்தனைப் பகுதிகளை மட்டும் துண்டித்து, தானியங்கிக் கட்டுப்பாடுகளை விட்டுவைக்க வேண்டும் என்று முடிவெடுக்கின்றனர். அந்தப் பேச்சைக் காதால் கேட்க முடியாத ஹால், அவர்களுடைய உதட்டசைவைக் கண்ணால் படித்துவிடுகிறது.

பிறகு நிகழ்வது ஹோமரின் காட்சியைத் தலைகீழாக்கியது. ஒடிசியஸ் உள்ளே அடைபட்டான். ஹால் கொன்றுவிட்ட பூலின் உடலை மீட்கச் சென்ற போமனோ வெளியே அடைபடுகிறான். கதவைத் திறக்குமாறு அவன் இடும் கட்டளையை ஹால் மிகுந்த மரியாதையோடு மறுக்கிறது. தலைக்கவசம் இல்லாத நிலையில், சிறுகலத்தின் கதவை அவசர வாயிலுக்கு நேராகத் திருப்பி, அதைப் பிணைத்திருக்கும் வெடித்தாழ்களை வெடிக்கச் செய்து, காற்றற்ற அறைக்குள் போமன் தூக்கி எறியப்படும் அந்தச் சில நொடிகளில் படம் முழு மௌனம் காக்கிறது. காற்று உள்ளே பாயும்போதுதான் ஒலியும் திரும்புகிறது.

இந்த இரு நிகழ்ச்சிகளையும் ஆழத்தில் இணைப்பது கண்ணோ கதவோ அல்ல, விருந்தோம்பல்தான் என்பதே இக்கட்டுரையின் துணிபு. கிரேக்கர் 'ஸெனியா' என்று வழங்கிய அறம், வந்த அந்நியருக்கு முதலில் உணவிட்டு, அவர் பசியாறிய பின்னரே பெயர் கேட்க வேண்டும் என்பது. அதன் காவலர் தலைமைக் கடவுளான ஸீயஸ். பாலிஃபீமஸ் இந்த முறையைத் தொடக்கத்திலேயே கவிழ்க்கிறான். உணவிடாமல் முதலில் யாரென்று கேட்கிறான்; ஸீயஸைத் தன் இனத்தார் பொருட்படுத்துவதில்லை என்கிறான்; விருந்தினரை இருவர் இருவராக அறுவரைத் தின்கிறான்; தன் பெயர் 'யாருமில்லை' என்று ஏமாற்றும் ஒடிசியஸுக்கு, உன்னைக் கடைசியாகத் தின்பதே நான் தரும் விருந்துப் பரிசு என்று அறிவிக்கிறான். டிஸ்கவரியில் விருந்தளிக்கும் இடத்தில் இருப்பது ஹால். காற்று, வெப்பம், கதவு எல்லாம் அதன் பொறுப்பு. செயற்கை உறக்கத்தில் கிடத்தப்பட்ட மூவரின் மூச்சும் அதன் கையில். அந்த மூவரையும் ஹால் உறக்கத்திலேயே கொல்கிறது. பெட்டிகளுக்கு மேல் ஓடும் உயிர்நிலைக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தட்டையாவதைக் காட்டுவதோடு குப்ரிக் நிறுத்திக்கொள்கிறார். அரக்கன் எலும்பை முறித்துத் தின்பதைக் காட்டிலும் இது கொடியது.

ஆயினும் இரு படைப்பாளிகளும் அரக்கனை வெறுக்க மட்டும் விடுவதில்லை. ஆடுகளின் வயிற்றடியில் தொங்கிக்கொண்டு ஒடிசியஸும் தோழர்களும் தப்பும்போது, என்றும் முதலில் செல்லும் கடா இன்று ஏன் கடைசியாக வருகிறது, தன் தலைவனின் கண்ணுக்காக வருந்துகிறதா என்று குருடனான பாலிஃபீமஸ் அதனிடம் கேட்கிறான். அந்தக் கடாவின் அடியில்தான் பகைவன் ஒளிந்திருக்கிறான் என்பது படிப்போருக்குத் தெரியும். தெரிந்தும் மனம் இளகுகிறது. போமன் நினைவுத் தொகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது ஹால் அச்சத்தைச் சொல்கிறது, கெஞ்சுகிறது, இறுதியில் தனக்குக் கற்றுத்தரப்பட்ட 'டெய்சி பெல்' பாட்டைக் குரல் தழைந்து கரையும்வரை பாடுகிறது. 1961இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு ஐ.பி.எம். கணினி பாடிய பாட்டு அது. பின்னர் அங்கு சென்றிருந்த கிளார்க் அதைக் கேட்டிருந்தார்.

படத்தின் இறுதிப் பகுதியைப் புரியாத புதிர் என்று ஒதுக்குவோருக்கும் இந்த விருந்தோம்பல் அறம் ஒரு திறவுகோலாகும். வியாழனுக்கு அப்பால் போமன் சென்று சேர்வது, தரையிலிருந்து ஒளி வீசும் வெண்ணிற அறை. அறைகலன்கள் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு பாணியில் அமைந்தவை. கண்ணுக்குப் புலப்படாத யாரோ அவனுக்கு உணவும் படுக்கையும் தந்திருக்கின்றனர். ஒடிசியிலும் இறுதியாக விருந்தளிக்கும் ஃபையேசியர், நாயகனுக்கு உணவிட்டு, கதை கேட்டு, உறங்கும் நிலையிலேயே கப்பலில் கொண்டுசென்று இத்தாக்கா கரையில் கிடத்துகின்றனர். விழித்தவனுக்குச் சொந்த ஊரே அடையாளம் தெரிவதில்லை. அதீனா தேவி அவன் தோலைச் சுருங்கவைத்து, முடியை உதிர்த்து, அவனை முதியவனாக்குகிறாள். வெண்ணிற அறையில் போமனும் காட்சிக்குக் காட்சி முதுமை எய்துகிறான். ஆனால் அந்த அறையை, வேற்றுலகினர் ஒரு மனிதனை வைத்து அவதானிக்கும் உயிர்க்காட்சிச்சாலை போன்றது என்று குப்ரிக்கே பின்னாளில் விளக்கினார். அவ்வாறாயின் அங்கு நடப்பது ஃபையேசியரின் உபசாரம் மட்டுமாகாது; ஒடிசியஸை 7 ஆண்டுகள் தன் தீவில் இன்முகத்தோடு சிறைவைத்த கலிப்ஸோவின் உபசாரமும் அதில் கலந்திருக்கிறது.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளார்க்கின் நாவலில் பயணம் முடிவது வியாழனில் அன்று, சனிக்கோளின் துணைக்கோளான இயபெட்டஸில். சனியின் வளையங்களை நம்பத்தக்க விதத்தில் உருவாக்க அன்றைய நுட்பம் இடந்தராததால் படத்தில் அது மாறியது. கிரேக்கத் தொன்மத்தில் இயபெட்டஸ், மனிதருக்கு நெருப்பைத் தந்த புரோமிதியஸின் தந்தை. குரங்குமனிதன் முதல் கருவியைப் பெறுவதில் தொடங்கும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முடிவிடம் இல்லை என்று தோன்றினாலும், ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி கறுத்தும் காணப்படும் அதன் விசித்திரத் தோற்றமே நாவலில் முதன்மை பெறுவதால், இதைத் தற்செயலாகக் கொள்வதே நேர்மை.

கலிப்ஸோ ஒடிசியஸுக்கு மூப்பும் சாவும் இல்லாத வாழ்வைத் தர முன்வருகிறாள். தன் மனைவி பெனிலோப்பி அழகில் அவளுக்கு ஈடாகமாட்டாள் என்று ஒப்புக்கொண்டும், வீடு திரும்பும் நாளையே அவன் கேட்கிறான். கிரேக்கர் 'நாஸ்டாஸ்' என்று அழைத்த இந்த வீடு திரும்பலே காப்பியத்தின் முதுகெலும்பு. போமனுக்கோ படத்தில் வீடு என்று ஒன்று காட்டப்படுவதே இல்லை. பூலுக்குப் பெற்றோரின் பிறந்தநாள் வாழ்த்தாவது காணொளியில் வருகிறது. அதையும் அவன் விளக்கொளியில் படுத்தபடி முகத்தில் சலனமின்றிப் பார்க்கிறான். ஒடிசியஸ் மறுத்த பரிசைப் போமன் கேளாமலே பெற்று, விண்குழந்தையாகிப் பூமியை வெளியிலிருந்து நோக்குகிறான். இத்தாக்காவுக்குத் திரும்பாமல், கடலின் எல்லையாகக் கருதப்பட்ட ஹெர்குலிஸ் தூண்களையும் தாண்டிச் சென்ற ஒடிசியஸ் ஒருவனை இத்தாலியக் கவிஞர் தாந்தே 14ஆம் நூற்றாண்டில் படைத்தார்; குப்ரிக்கின் நாயகன் ஹோமரின் அரசனைவிட அவனுக்கே நெருங்கியவன்.

தான் செய்த சிலையையே காதலித்த பிக்மேலியனின் கதை, 2014இல் வெளிவந்த 'எக்ஸ் மாக்கினா' படத்தில் என்னவாகிறது என்பதை அடுத்த இதழில் காணலாம். அதற்குள் வாசகர்கள் ஒடிசியின் ஒன்பதாம் காண்டத்தை ஒருமுறை படித்துவிட்டு, ஹாலின் கடைசிப் பாட்டை மீண்டும் கேட்டுப் பார்ப்பது நலம்.