ஊர் திரும்பும் கணக்கு: முதல் அறுவடை வரை

"சுவாமி, ஊருக்குத் திரும்பி வர எவ்வளவு காசு வேணும்?"

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து தொலைபேசியில் கதைக்கும் எம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கங்களிலிருந்து 1990 இலும் 2006 இலும் வெளியேறி, மன்னார்க் கரையில் படகேறிப் போனவர்கள் இவர்கள். நீண்ட காலமாக நாமும் ஒரே பதிலைச் சொல்லிவந்தோம்: "விமானச் சீட்டை ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஸ்தானிகர் அலுவலகம் தரும். கொழும்பிலிருந்து கந்தளாய் வரை வான் கூலி இருந்தால் போதும்."

அந்தப் பதில் பிழையானது. அதன் விலையை ஒரு குடும்பம் செலுத்திய பின்னரே நாம் அதை உணர்ந்தோம்.

ஒரு குடும்பம் தந்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என ஐந்து பேர் கந்தளாய்ப் பக்கம் திரும்பினார்கள். எமது சொல்லை நம்பியே வந்தார்கள். வந்து சேர்ந்தது மார்கழி மாதம். பெரும்போக விதைப்பு முடிந்து வயல் பச்சையாக நின்றது. அவர்களுடைய காணியை அண்ணன்காரர் வேறொருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். அடுத்த சிறுபோகத்தில் குளத்து நீர் போதாமல், வயல்களில் ஒரு பகுதிக்கு மட்டுமே தண்ணீர் விடப்பட்டது. ஆகவே, சொந்த வயலில் முதல் நெல்லை அவர்கள் கண்டது வந்து பதினைந்தாம் மாதத்தில்.

கையில் கிடைத்த மீள்குடியேற்றப் பணம் இரண்டு மாதங்களில் கரைந்தது. தாயார் முகாமில் தையல் மெசின் வைத்து உழைத்தவர். "பாரம் கூடும்" என்று அதை அங்கேயே அரைவிலைக்கு விற்றுவிட்டு வந்திருந்தார். நகை அடகுக்குப் போயிற்று. பின்னர் கிழமைக் கடன் வந்தது. பத்தாம் வகுப்பு முடித்த மூத்த மகளின் சான்றிதழ்கள் உரியபடி அத்தாட்சிப்படுத்தப்படாததால் அவளுக்கு ஒரு கல்வியாண்டு வீணாயிற்று.

அந்தத் தாயார் எம்மைக் குறை கூறவில்லை. ஒன்றை மட்டும் சொன்னார்: "வாற செலவைச் சொன்னீங்கள், சுவாமி. இருக்கிற செலவை ஆரும் சொல்லேல்லை."

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவதும் அதுவே. ஊர் திரும்புவதற்கான செலவு விமான நிலையத்தில் முடிவதில்லை. வீட்டு வாசலிலும் முடிவதில்லை. முதல் அறுவடை களத்துக்கு வரும்வரை அந்தக் கணக்கு ஓடுகிறது.

அரசு அறிந்திருந்த உண்மை

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கந்தளாய் பெருமளவுக்குக் குடியேற்றத் திட்டங்களால் வளர்ந்த இடம். அத்தகைய திட்டங்கள் எமது மாவட்டத்தின் குடிப்பரம்பலை எவ்வாறு மாற்றின என்பது வேறொரு நீண்ட விவாதம். ஆனால், ஆட்களை இடம்பெயர்த்துக் குடியமர்த்திய அரசு, வெறும் லொறிக் கூலியோடு கணக்கை முடிக்கவில்லை. காணியும் வாய்க்காலும் கொடுத்தால் மட்டும் போதாது, பயிர் விளையும்வரை வயிற்றுக்கும் ஏதாவது வேண்டும் என்று அது அறிந்திருந்தது. மகாவலித் திட்டத்தில் குடியமர்ந்தவர்களுக்கு உலக உணவுத் திட்டத்தின் துணையோடு ஆரம்ப காலத்தில் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன.

அரசு தன் குடியேற்றவாசிக்குப் போட்ட அந்தக் கணக்கை, அகதியாய்த் திரும்பும் எம் சகோதரன் தனக்குத் தானே போட வேண்டியிருக்கிறது. அதற்கு உதவுவது எமது கடமை.

எத்தனை பேருடைய கேள்வி இது?

1983 இலிருந்து அலை அலையாகப் போனவர்களில் பலர் வெவ்வேறு காலங்களில் திரும்பினார்கள். 1992 முதல் 1995 வரையிலான காலத்தில் மட்டும் 54,000 பேர் அளவில் திருப்பி அனுப்பப்பட்டனர். 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் சிறு சிறு தொகையினராக வந்தார்கள். அப்படியிருந்தும் 2021 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தனர். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் இங்கிருந்து புதிதாய்ப் படகேறியவர்களும் உண்டு. அவர்களில் முன்னர் ஒருமுறை திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. கணக்குப் பிழைத்தால் மனிதர் மீண்டும் கடலைத்தான் பார்ப்பார்.

ஐந்து பக்கக் கணக்கு

எம்மிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு இப்போது நாம் சொல்வது: ஒரு கொப்பி வாங்குங்கள். ஐந்து பக்கங்களுக்குத் தலைப்பிடுங்கள்.

முதலாம் பக்கம்: ஆவணங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் பதிந்து, இலங்கைக் குடியுரிமையை உறுதிப்படுத்த வேண்டும். கடவுச்சீட்டு இல்லாதவர்களுக்குத் தற்காலிகப் பயண ஆவணம் தேவை. இந்திய அதிகாரிகளிடமிருந்து வெளியேறும் அனுமதி பெற வேண்டும். பாடசாலைச் சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கட்டணத்தை மட்டும் எழுதாதீர்கள். பஸ் செலவு, படப்பிரதி, அன்றைய நாள் இழந்த கூலி ஆகியவற்றையும் எழுதுங்கள். இந்த வேலை மாதக்கணக்கில் இழுபடும். 2025 மே மாதத்தில், முகாமில் வாழ்ந்து பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், முன்னர் உரிய ஆவணமின்றி நாட்டை விட்டு வெளியேறியதன் பேரில் தடுத்துவைக்கப்பட்டார். ஆகவே, புறப்படுமுன் அன்றைய நடைமுறையை எழுத்தில் கேட்டறிவது அவசியம். உதவித் திட்டங்களும் காலத்துக்குக் காலம் மாறும். போன வருடம் கிடைத்தது இவ்வருடமும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாம் பக்கம்: பயணமும் பாரமும். விமானத்தில் கொண்டுவரக்கூடிய நிறைக்கு எல்லை உண்டு. 2011 இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓடிய சில மாதங்களில் அகதிக் குடும்பங்கள் அதில் திரும்பின. அதே ஆண்டு கார்த்திகையில் அச்சேவை நின்றது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஐப்பசியில் தொடங்கிய கப்பல் சேவை சில நாள்களில் நின்று, 2024 ஆவணியில் மீண்டும் தொடங்கியது. எந்த வழியில் வருவதென்றாலும் எதைக் கொண்டுவருவது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். உழைத்துத் தரும் பொருளுக்கு முதலிடம் கொடுங்கள். தையல் மெசினின் தலை, மேசன், தச்சு ஆயுதங்கள் முதலில். தொலைக்காட்சிப் பெட்டி கடைசியில். விதை, நாற்றுகளை அனுமதியின்றிக் கொண்டுவர முடியாது. கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகக் கந்தளாய்க்கு வான் பிடிக்கும் கூலியையும், திருகோணமலை ரயிலில் கந்தளாய் நிலையத்தில் இறங்கும் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கைக்குழந்தையும் பொதிகளும் இருந்தால் வான் நல்லது.

மூன்றாம் பக்கம்: தலைக்கு மேல் கூரை. வளவு துப்புரவு, தகரக் கொட்டில், கிணறு இறைத்தல், மலசலகூடம், மின்னிணைப்பு. "அக்கா வீட்டில் இருப்போம்" என்பார்கள் பலர். ஒரு மாதம் இருக்கலாம். அதற்கு மேல் உறவும் செலவாகும்.

நான்காம் பக்கம்: சோறு. இதை ரூபாயில் எழுதாதீர்கள், அரிசியில் எழுதுங்கள். 2022 புரட்டாதியில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாக இருந்தது. உணவுப் பொருள்களில் 95 வீதத்தை எட்டியது. ரூபாயில் போட்ட கணக்கு அவ்வாண்டில் ஒரு சில மாதங்களிலேயே உடைந்தது. ஐந்து பேர் மாதம் 45 கிலோ அரிசி சமைப்பார்கள் என்று வையுங்கள். புரட்டாதியில் வந்து பெரும்போகம் விதைக்கும் குடும்பத்துக்கு மாசி, பங்குனி அறுவடை வரை ஆறு மாதம், 270 கிலோ. விதைப்புத் தவறி மார்கழியில் வந்து, சிறுபோகமும் கிடைக்காத குடும்பத்துக்கோ பதினைந்து மாதம், 675 கிலோ. வரும் மாதம் மாறினால் இவ்வளவு வித்தியாசம்! அத்தோடு விதைநெல் ஏக்கருக்கு இரண்டு புசல் மட்டில், உழவு கூலி, பசளை, வெட்டு கூலி.

முகாமில் விட்டுவரும் வருமானத்தையும் இதே பக்கத்தில் எழுதுங்கள். 2021 இல் தமிழ்நாடு அரசு உதவித்தொகையை உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, ஏனைய பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 இந்திய ரூபாய். விமானம் ஏறும் நாளில் அது நின்றுவிடும்.

ஐந்தாம் பக்கம்: எதிர்பாராதது. காய்ச்சல், யானை, மழை. இப்பக்கத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இதுவும் இல்லாதவர்தான் கிழமைக் கடன்காரரைத் தேடுகிறார்.

காணி: நினைவு வேறு, நிலைமை வேறு

முகாமிலுள்ள ஒரு பெரியவர் எம்மிடம், "சீனி ஆலையில் மகனுக்கு வேலை எடுக்கலாம்தானே?" என்று கேட்டார். அவர் மனத்திலுள்ள கந்தளாயில் ஆலைச் சங்கு இன்னும் ஊதுகிறது. அந்த ஆலையோ 1990 களில் மூடப்பட்டது.

காணியும் அவ்வாறே. உறுதிக் காணியில் வேறொருவர் பத்தாண்டுகளுக்கு மேல் தடையின்றி இருந்தால் ஆட்சி உரிமை கோரலாம். யுத்தத்தால் வழக்கிட முடியாதுபோனவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. அது இரண்டாண்டு காலத்துக்கென ஆக்கப்பட்டது. முகாமில் இருந்தோர் பலரின் காதுக்கு அது எட்டவேயில்லை. அரச அனுமதிப்பத்திரக் காணியானால், இறந்த தகப்பனார் பின்னுரித்தாளராக யாரைப் பதிந்தார் என்று பிரதேச செயலகத்தில் பார்க்க வேண்டும். சம்பூர் மக்கள் 2006 இல் இழந்த மண்ணை மீட்கத் தொடங்கியது 2015 இல்தான். அதுவரை நாட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் கூடத் தற்காலிக முகாம்களில் காத்திருந்தார்கள்.

யார் பார்த்துச் சொல்வது?

தூர இடத்துக்குக் குடிபெயரும் எவரும் முதலில் ஒருமுறை போய்ப் பார்த்து வருவார். முகாமிலுள்ள எம்மவர்களுக்கு அந்த வசதி இல்லை. வெளியேறும் அனுமதியோடு புறப்பட்டால் முகாம் பதிவு போய்விடும். வந்து பார்த்துப் பிடிக்காவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. சில குடும்பங்களில் ஒருவர் முதலில் நிரந்தரமாகத் திரும்பி, கொட்டில் போட்டு, விதைத்து, பின்னர் மற்றவர்களை அழைக்கிறார். அது நல்ல முறைதான். ஆனால் பிரிவு ஆண்டுக்கணக்கில் நீளவும் கூடும்.

ஆகவே அவர்களின் கண்ணாக நாமே இருக்க வேண்டும். எமது கிராமச் சங்கங்களிடம் நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. உங்கள் ஊரிலிருந்து போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் எழுதுங்கள். காணியில் இப்போது யார் இருக்கிறார்? குத்தகை எந்தப் போகத்தோடு முடிகிறது? கிணற்றில் தண்ணீர் உண்டா? அருகிலுள்ள தமிழ்மொழிப் பாடசாலை எத்தனை மைல்? அரிசி என்ன விலை, ஆண், பெண் நாட்கூலி எவ்வளவு? போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் பற்றி என்ன முடிவாயிற்று? விதானையாரிடமும் அயலவரிடமும் கேட்டால் ஒரு பின்னேரத்தில் எழுதி முடிக்கலாம்.

உண்மையை எழுதுங்கள். ஆசைகாட்டி அழைக்கவும் வேண்டாம், பயமுறுத்தித் தடுக்கவும் வேண்டாம். அங்கே பிறந்து, படித்து, அம்மண்ணையே ஊராகக் கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். இருப்பதா, வருவதா என்ற தீர்மானம் அந்தக் குடும்பத்துக்கே உரியது. எம்மிடமிருந்து அவர்களுக்குப் போக வேண்டியது சரியான கணக்கு.

முன்னர் சொன்ன அந்தக் குடும்பம் இன்று கிழமைக் கடனிலிருந்து மீண்டுவிட்டது. தாயாரிடம் பழைய மெசின் ஒன்று இருக்கிறது. இங்கே இருமடங்கு விலை கொடுத்து வாங்கியது. மூத்த மகள், முகாமிலிருந்து வர எண்ணுவோருக்கு எமது அலுவலகத்தில் அந்த ஐந்து பக்கங்களை நிரப்ப உதவுகிறாள். அழைப்பவர்களிடம் அவள் முதலில் கேட்பது, எவ்வளவு காசு இருக்கிறது என்று அல்ல. "எந்த மாதம் வர நினைக்கிறீங்கள்?" என்றுதான்.