நாக்குக் கல் சொன்ன ரகசியம்

ஒரு சுறா மீனின் பல், பூமியின் பழங்கதையைப் படிக்க வழிகாட்டியது தெரியுமா?

டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரில், 1638ல் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தவர் நீல்ஸ் ஸ்டென்சன். அறிவியல் உலகம் இவரை, 'ஸ்டெனோ' என்று அழைக்கிறது. மருத்துவம் படித்த இவர், 22 வயதில் ஓர் ஆட்டின் தலையை அறுத்து ஆராய்ந்தார். கன்னத்தின் வழியாக வாய்க்கு உமிழ்நீரைக் கொண்டு வரும் குழாயைக் கண்டுபிடித்தார். அந்தக் குழாய்க்கு இன்றும் இவர் பெயர்தான்!

பின், இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குச் சென்றார். 1666ல் அருகிலிருந்த கடலில் பெரிய சுறா ஒன்று பிடிபட்டது. அதன் தலையை ஆராயும் பொறுப்பை, அப்பகுதியை ஆண்ட கோமகன், ஸ்டெனோவிடம் ஒப்படைத்தார்.

சுறாவின் பற்களைப் பார்த்ததும் அவருக்கு, 'நாக்குக் கற்கள்' நினைவுக்கு வந்தன. பாறைகளுக்குள் கிடைத்த இந்த முக்கோணக் கற்களை, பாம்பின் நாக்கு கல்லாக மாறியது என்றும், வானத்திலிருந்து விழுந்தது என்றும் மக்கள் நம்பினர். 'இல்லை, இவை பழங்காலச் சுறாக்களின் பற்கள்' என்றார் ஸ்டெனோ.

கடல் மீனின் பல், நிலத்துப் பாறைக்குள் எப்படி வந்தது? 1669ல் ஒரு சிறு நூலில் விளக்கினார். நீரில் கலந்த மண், அடுக்கடுக்காகப் படிந்து பாறையாகிறது. உங்கள் வீட்டில் அடுக்கி வைத்த பழைய செய்தித்தாள்களைப் பாருங்கள். அடியில் இருப்பதுதானே பழையது? பாறை அடுக்கும் அப்படித்தான்.

அக்கால ஐரோப்பாவில், பைபிளை வைத்துக் கணக்கிட்டு, பூமிக்கு வயது சுமார் 6,000 ஆண்டுகள் என நம்பினர். பக்திமானான ஸ்டெனோவும் தன் பாறை அடுக்குகளை அந்தக் கணக்குக்குள்ளேயே பொருத்தினார். பூமியின் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள் என்பது நாம் இன்று அறிந்த உண்மை.

அவர் மனதில் இறைவனைப் பற்றிய தேடலும் ஓயவில்லை. புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவர், 1667ல் கத்தோலிக்கரானார். 1675ல் பாதிரியார், 1677ல் பிஷப். ஆராய்ச்சியைக் கைவிட்டார். 1669ல் எழுதியது, ஒரு பெரிய நூலுக்கு முன்னுரை மட்டுமே. அந்தப் பெரிய நூல் எழுதப்படவே இல்லை! சிறந்த விஞ்ஞானி ஒருவர், சாதாரண சமய அறிஞராகி விட்டாரே என வருந்தினார், ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ்.

ஆனால், ஸ்டெனோ வருந்தவில்லை. பிஷப்புக்குரிய மோதிரத்தையும் விற்று ஏழைகளுக்கு உதவினார். எளிமையாக வாழ்ந்து, 1686ல் 48 வயதில் ஜெர்மனியில் மறைந்தார். 1988ல் போப் இரண்டாம் ஜான்பால் அவருக்கு, 'அருளாளர்' பட்டம் வழங்கினார்.

அவர் ஆராய்ச்சியைத் தொடர்ந்திருக்க வேண்டுமா? சேவைக்குச் சென்றது சரிதானா? வகுப்பில் நண்பர்களுடன் விவாதியுங்கள். ஆற்றங்கரைப் பக்கம் போனால், நீர் அரித்த கரையில் தெரியும் மண் அடுக்குகளையும் பாருங்கள். எது முதலில் படிந்தது என்று உங்களால் இப்போது சொல்ல முடியும்!