துணி வெளுப்பில் நீரின் பங்கு

குறைந்த வருவாயுள்ள குடும்பங்களில் துணி நெடுநாள் உழைக்க வேண்டியிருக்கிறது. உடுத்துவதால் துணி நைந்துபோவது இயற்கை. ஆனால், வெளுக்கும் முறை தவறாக இருப்பின் அது இன்னும் விரைவாக நைந்துவிடும். நுரை வராதபோது மேலும் மேலும் சோப்பைத் தேய்ப்பதும், அழுக்குப் போகாதபோது கல்லில் ஓங்கி அடிப்பதும் பல வீடுகளில் காணும் வழக்கம். இங்கே குறை பெரும்பாலும் சோப்பில் இல்லை, நீரிலேயே இருக்கிறது.

கடின நீர்

மழைநீர் நிலத்தினுள் இறங்கும்போது மண்ணிலும் பாறையிலும் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புக்களைக் கரைத்துக்கொள்கிறது. இவ்வுப்புக்கள் மிகுந்த நீரே கடின நீர் எனப்படும். ராஜஸ்தான், குஜராத் போன்ற மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் பல கிணறுகளின் நீர் இத்தகையது. சோப்பு இவ்வுப்புக்களுடன் சேர்ந்து, நீரில் கரையாத பிசுபிசுப்பான திரளாக மாறுகிறது. உப்புக்கள் தீர்ந்த பிறகே நுரை தோன்றும். அதுவரை இட்ட சோப்பு அழுக்கை நீக்க உதவுவதில்லை. மேலும், அத்திரள் இழைகளில் படிந்து, வெள்ளைத் துணியைப் பழுப்பாகவும் முரடாகவும் ஆக்குகிறது.

இழப்பின் அளவு

கடினத்தன்மை கால்சியம் கார்பனேட்டின் எடையாகக் கணக்கிடப்படுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. 300 மில்லிகிராம் உள்ள நீரை எடுத்துக்கொண்டால், 20 லிட்டர் வாளி ஒன்றில் 6 கிராம் கடினத்தன்மை இருக்கும். இதற்கு மட்டும் சுமார் 36 கிராம் தூய சோப்பு வீணாகிறது. அதே வேலைக்குச் சுமார் 17 கிராம் படிகச் சலவைச் சோடா போதுமானது. அது சோப்பைவிட மலிவானதும் ஆகும்.

நீரை மென்மையாக்கும் முறை

சோடாவைச் சிறிது நீரில் கரைத்து வாளியில் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் வைக்க வேண்டும். உப்புக்களின் பெரும்பகுதி வெண்மையான வண்டலாக அடியில் படியும். தெளிந்த நீரை இறுத்து, அதன் பின்னரே சோப்பிட வேண்டும். கொதிக்கவைப்பதாலும் கடினத்தன்மையின் ஒரு பகுதி நீங்கும். ஆனால் எரிபொருட் செலவு மிகும். கூரையிலிருந்து பிடித்துவைத்த மழைநீர் செலவின்றிக் கிடைக்கும் மென்னீராகும். அது குறைவாக இருப்பின், சோப்பிடுவதற்கும் முதல் அலசலுக்கும் அதனை ஒதுக்குவது நலம்.

எச்சரிக்கை

பருத்தித் துணி சோடாவைத் தாங்கும். பட்டும் கம்பளியும் தாங்கா. இவை புரத இழைகளாதலால் காரம் இவற்றை அரித்துவிடும். நனைந்த நிலையில் இவற்றின் வலிமையும் குறைவதால், முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை வடிக்க வேண்டும். டிடர்ஜெண்ட் தூள்கள் கடின நீரிலும் நுரைக்கும். எனினும் அவற்றுட் பலவற்றில் சோடா கலந்திருப்பதால் பட்டு, கம்பளி வகையில் இதே எச்சரிக்கை பொருந்தும்.

செய்து காட்டும் சோதனை

சோப்புச் சீவலை மழைநீரில் கரைத்துக்கொள்க. டிடர்ஜெண்ட் கட்டி இதற்கு உதவாது. ஒரே அளவான மூன்று கண்ணாடிப் புட்டிகளில் முறையே மழைநீர், கிணற்று நீர், சோடாவிட்டுத் தெளிந்த கிணற்று நீர் ஆகியவற்றைப் பாதியளவு நிரப்புக. ஒவ்வொன்றிலும் சமமான சொட்டுக்கள் சோப்புக் கரைசல் இட்டுக் குலுக்குக. முதற் புட்டியில் நுரை நிற்கும். நீர் கடினமானதாயின் இரண்டாவதில் திரள் மிதக்கும். மூன்றாவதிலும் திரள் தோன்றினால், வாளிக்கு இட்ட சோடா போதவில்லை என்று பொருள். இவ்வாறு அந்தந்த ஊர்க் கிணற்று நீருக்கு வேண்டிய சோடாவின் அளவை வகுப்பறையிலேயே கண்டறியலாம். களப்பணியாளர் அவ்வளவை இல்லத்தரசியருக்குக் கரண்டிக் கணக்கில் எடுத்துரைத்தால், சோப்புச் செலவு குறைவதோடு துணியும் நெடுநாள் நிற்கும்.