தெளிந்த நீரும் தெரியாத வாயுவும்

தேநீரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், படிப்படியாகச் சொல்கிறேன். வீட்டுக் கழிவுநீரில் நைட்ரஜன் நிறைய உண்டு. பெரும்பகுதி சிறுநீரிலிருந்து வருவது. அப்படியே ஏரியிலோ கடலிலோ விட்டால் பாசி மண்டும், மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே சுத்திகரிப்பு நிலையங்கள் அதை பாக்டீரியாக்களைக் கொண்டு அகற்றுகின்றன.

முதலில் தொட்டிக்குள் காற்று ஊதுவார்கள். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அடுத்து, காற்றில்லாத பகுதியில் வேறு பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள கரிமப்பொருளை உண்டு, நைட்ரேட்டின் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். முடிவில் மிஞ்சுவது நைட்ரஜன் வாயு. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான், தீங்கில்லை.

சிக்கல் நடுவழியில் வருகிறது. பந்தியில் பரிமாறுகிற வேகத்துக்குச் சாப்பிட முடியாவிட்டால் இலையில் சோறு தேங்குமல்லவா? அப்படி நைட்ரைட் தேங்கி, காற்றும் குறைந்தால், அம்மோனியா உண்ணும் பாக்டீரியாக்களே நைட்ரஸ் ஆக்சைடை வெளியிடும். காற்றில்லாத பகுதியில் கரிமப்பொருள் போதாவிட்டாலும், ஆக்சிஜன் புகுந்துவிட்டாலும், கடைசிப் படி தடைபட்டு அதே வாயு வெளியேறும்.

பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரிப்பூட்டும் வாயுதான் இது. ஆனால் வளிமண்டலத்தில் நூறாண்டுக்கு மேல் தங்கி, எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பமூட்டுகிறது. ஓசோன் படலத்தையும் அரிக்கிறது.

ஹெல்சிங்கியின் வீக்கின்மாக்கி நிலையம் பாறையைக் குடைந்து நிலத்தடியில் கட்டப்பட்டது. தொட்டிகளின் காற்று குழாய் வழியே வெளியேறுவதால் வாயுவைத் தொடர்ந்து அளக்க முடிந்தது. வந்து சேரும் நைட்ரஜனில் 1.9 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போவதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. கணக்கிட்டுப் பாருங்கள்: 1,000 கிலோ நைட்ரஜனுக்குச் சுமார் 30 கிலோ வாயு; அது 8 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தக் காற்றைக் கண்மூடித்தனமாகக் குறைத்தால் நைட்ரைட் தேங்கக்கூடும். மின்கட்டணம் குறையும், புவியின் சூடு குறையாது. அதற்காகச் சுத்திகரிப்பைக் கைவிட முடியாது: ஆற்றில் விட்ட கழிவிலிருந்தும் இந்த வாயு கிளம்பும்.

வழி உண்டு. தொட்டியில் நைட்ரைட்டையும் ஆக்சிஜனையும், மேலே வாயுவையும் தொடர்ந்து அளந்து, அதற்கேற்பக் காற்றூத வேண்டும். வெளியேறும் நீரின் தெளிவை மட்டும் பார்த்து ஒரு நிலையத்துக்கு நற்சான்று தராதீர்கள். அதன் காற்றுக் கணக்கையும் கேளுங்கள்.