மேய்ப்பரா, கூலிக்காரரா? உள்ளூர் வானொலியின் வாழ்வும் வீழ்ச்சியும்

தூய ஆவியார் பெருவிழாவிற்கு முந்தைய ஞாயிறன்று உலகச் சமூகத் தொடர்பு நாளைத் திருச்சபை சிறப்பிக்கின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பு இந்நாளைக் கேட்டுக்கொண்டது. 1967ஆம் ஆண்டு அது முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. அந்நாளின் மறையுரைகளில் ஊடகங்களில் வரும் நல்லவை, கெட்டவை பற்றி நாம் நிறையக் கேட்கிறோம். ஆனால், "இந்த ஊடகம் யாருடையது? இதை நடத்துபவர் யார்?" என்ற கேள்விகளை அரிதாகவே எழுப்புகிறோம். உள்ளூர் வானொலியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்விகளைச் சற்றுச் சிந்திப்போம்.

இக்கேள்வி நம் பகுதிக்கு ஏன் முக்கியம்?

ஒரகடம் அருகே உள்ள வடக்குப்பட்டு சிறிய கிராமம். 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தபோது கற்காலக் கருவிகளும், ரோமானிய வணிகத் தொடர்பைக் காட்டும் பானை ஓடுகளும், பல்லவர் காலச் சிற்பங்களும் கிடைத்தன. அதே மண்ணைச் சுற்றி இன்று கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் ஆலைகள் நிற்கின்றன. விவசாயக் குடும்பங்களும், தென்மாவட்டங்களிலிருந்து வந்த இளம் பெண்களும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் அருகருகே வாழ்கின்றனர். ஆனால் இவர்கள் ஒருவரை ஒருவர் கேட்பதற்கு ஒரு பொதுக்குரல் இல்லை.

குரல் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறுகிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. நூற்றுக்கும் அதிகமானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாகக் கைபேசிகளில் பொய்ச்செய்தி பரவியது. தங்கள் தோழியருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவிலே அமர்ந்தனர். 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அஞ்சி ஊர் திரும்பியவர்கள் பலர். இவ்விரு நேரங்களிலும் தேவைப்பட்டது, மக்கள் நம்பும் ஓர் உள்ளூர்க் குரல், அவரவர் மொழியில். அத்தகைய குரல் உருவாகுமா, உருவானால் நிலைக்குமா என்பதை முடிவு செய்பவை இரண்டு: உடைமை, நிர்வாகம்.

உடைமை வேறு, நிர்வாகம் வேறு

உடைமை என்பது உரிமம் யார் பெயரில் உள்ளது, பணம் யாருடையது, இறுதி முடிவு யார் கையில் என்பதாகும். அந்த வானொலி யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. நிர்வாகம் என்பது அன்றாட நடைமுறை: நேரத்திற்கு ஒலிபரப்பு, ஊழியருக்குச் சம்பளம், கருவிக்குப் பழுது நீக்கம், நேயரின் குறைக்குப் பதில். அந்த வானொலி எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு பல சான்றுகளைத் தருகின்றது.

சென்னை வானொலியின் மூன்று உடைமையாளர்கள்

முதல் சான்று நம் அருகிலேயே உள்ளது. 1924ஆம் ஆண்டு மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தொடங்கப்பட்டது. ஜூலை 31ஆம் நாள் அதன் ஒலிபரப்பு ஆரம்பமானது. ஆர்வலர்கள் தங்கள் ஆர்வத்திற்காக நடத்திய முயற்சி அது. ஆர்வம் இருந்தது, திறமையும் இருந்தது. நிலையான வருமானம் இல்லை. 1927 அக்டோபரில் பண நெருக்கடியால் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது.

அதே ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்திய ஒலிபரப்பு நிறுவனம் என்ற தனியார் நிறுவனம் நிலையங்களைத் திறந்தது. வானொலிப் பெட்டிகளுக்கான உரிமக் கட்டணத்தில் கிடைக்கும் பங்கையே அது பெரிதும் நம்பியிருந்தது. பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலர். 1930இல் அந்த நிறுவனம் கலைக்கப்பட்டது.

சென்னையிலோ கதை வேறு விதமாகத் திரும்பியது. மூடிய சங்கத்தின் ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலியை நடத்தியது. வானொலிப் பெட்டி வாங்க முடியாதவர்களும் கேட்கும்படி மெரினா கடற்கரை போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. சங்கத்தின் கையில் இருந்தபோது வானொலி உறுப்பினர்களுடையது. மாநகராட்சியின் கைக்கு வந்தபோது கடற்கரையில் காற்று வாங்க வந்த ஏழைக்கும் அதில் பங்கு கிடைத்தது. உடைமையாளர் மாறியதும் நேயரும் மாறினார்.

1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. மூன்றாவது உடைமையாளர் நடுவண் அரசு. பணத்திற்குத் தட்டுப்பாடு குறைந்தது, நிலையம் நிலைத்தது. ஆனால் முடிவுகள் டெல்லியில் எடுக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுகளில் ஒரே நகரம் மூன்று பாடங்களைக் கற்றது: ஆர்வம் மட்டும் போதாது, பொது உடைமை ஏழையைச் சேர்த்துக்கொள்ளும், தொலைவிலிருக்கும் உடைமையாளர் நிலைத்தன்மை தருவார், ஆனால் நெருக்கத்தைத் தருவது கடினம்.

வணிகப் பண்பலைகள்

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் வானலைகள் பொதுச் சொத்து என்று அறிவித்தது. அரசுக்கு மட்டும் உரியதாயிருந்த வானொலித் துறை அதன் பின் மெல்லத் திறந்தது. ஆனால் முதலில் திறந்த கதவு, ஏலத்தில் பணம் கட்டுவோருக்கான கதவு. ஏலத்தில் வென்றவர்கள் ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பலர் ஒலிபரப்பைத் தொடங்காமலேயே விலகினர். 2005இல் அரசு இம்முறையை மாற்றி, ஒருமுறைக் கட்டணத்துடன் ஆண்டு வருமானத்தில் 4 விழுக்காடு என்று வகுத்தது. அதன் பின்னரே தனியார் பண்பலைகள் பெருகின.

தமிழகத்தில் நாம் கேட்கும் பெரிய பண்பலைகளுள் சூரியன் சன் குழுமத்தையும், ஹலோ தினத்தந்தி குழுமத்தையும், மிர்ச்சி டைம்ஸ் குழுமத்தையும் சேர்ந்தவை. இவை திறமையாக நடத்தப்படுகின்றன, மக்களை மகிழ்விக்கின்றன. ஆயினும் விளம்பர வருமானமே இவற்றின் மூச்சு. விளம்பரதாரர் தேடுவது வாங்கும் சக்தி உள்ள நேயரை. விடுதி அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியை அவர் தேடுவதில்லை. மேலும், சொந்தமாகச் செய்தி வழங்கத் தனியார் பண்பலைகளுக்கு அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மறு ஒலிபரப்பு மட்டுமே செய்யலாம். நிர்வாகம் நன்றாக இருந்தும், உடைமையின் தன்மை காரணமாகச் சில குரல்கள் உள்ளே வர இயலாமல் போகின்றன.

மக்களின் வானொலி

இக்குறையைப் போக்க வந்ததே சமூக வானொலி. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 2004 பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிலையமே நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலி. 2006 நவம்பரில் இலாப நோக்கமற்ற தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. தெலங்கானாவின் மச்னூரில் ஏழைத் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி 2008 அக்டோபர் 15 அன்று ஒலிக்கத் தொடங்கியது. கட்டடமும் கருவியும் பயிற்சியும் அவர்களிடம் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. உரிமம் மட்டும் இல்லாததால் காத்திருந்தனர்.

நம் பாம்பனில் 2016 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிய கடல் ஓசை, மீனவ மக்களுக்கான வானொலி. காற்றின் வேகம், கடலின் நிலை, மீன்வளம், கடலைக் காக்கும் வழி ஆகியவற்றை அது அவர்கள் பேச்சுத் தமிழிலேயே சொல்கிறது. நகரத்து விளம்பரதாரருக்கு இச்செய்தி ஒரு பொருட்டல்ல. படகில் செல்லும் தந்தைக்கும் கரையில் காத்திருக்கும் குடும்பத்திற்கும் அது உயிர்ச்செய்தி.

சமூக வானொலிக்கான விதிகள் உடைமையைக் கவனமாக வரையறுக்கின்றன. தனிநபர், அரசியல் கட்சி, இலாப நோக்குள்ள நிறுவனம் ஆகியோர் இதை நடத்த முடியாது. உரிமத்தை மற்றவருக்குக் கைமாற்ற முடியாது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூரிலேயே, மக்கள் பங்கேற்புடன் உருவாக வேண்டும். 2024இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதலின்படி ஆலோசனைக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

ஆனால் விதி பணம் தராது. 2024 திருத்தம் விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடமாக உயர்த்தியது. அரசு விளம்பரத்திற்குப் பத்து நொடிக்கு 74 ரூபாய் என்று நிர்ணயித்தது. கணக்குப் பார்த்தால், பன்னிரண்டு நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். அது நிரம்புவது எளிதன்று. ஆக, நல்ல உடைமை அமைப்பு இருந்தும் நிர்வாகத்தில் சறுக்கும் நிலையங்கள் உண்டு. தொடக்க மானியம் தீர்ந்ததும் பயிற்சி பெற்ற இளைஞர் வேறு வேலைக்குப் போவார். பழுதான கருவி மூலையில் கிடக்கும். பதிவு செய்த பழைய நிகழ்ச்சியே திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

திருச்சபையின் அனுபவம்

இவ்விரு பக்கங்களையும் திருச்சபையும் தன் அனுபவத்தில் கண்டிருக்கிறது. 1947இல் கொலம்பியா நாட்டின் சுத்தத்தென்சா என்ற மலைக்கிராமத்திற்கு உதவிப் பங்குத்தந்தையாக வந்த அருள்தந்தை ஹோசே ஹோவாகின் சல்செதோ, எளிய கருவி ஒன்றைக் கொண்டு வானொலி தொடங்கினார். அது வானொலிப் பள்ளியாக வளர்ந்தது. இலட்சக்கணக்கான உழவர்கள் எழுத்தும் கணக்கும் உடல்நலமும் வேளாண்மையும் அதன் வழியாகக் கற்றனர். எனினும் நிலையம் பெரிதாகப் பெரிதாகச் செலவும் கடனும் பெருகின. அரசோடும் திருச்சபைத் தலைவர்களோடும் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. 1989இல் அதன் நிலையங்கள் ஒரு வணிக வானொலி நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. நாற்பது ஆண்டு உழைப்பு மற்றொருவர் கைக்குப் போனது.

பிலிப்பைன்சில் வேறொரு பாடம். 1986 பிப்ரவரியில் அதிபர் மார்க்கோசுக்கு எதிராக எழுந்த படையினரைக் காக்க வீதிக்கு வருமாறு மக்களைக் கர்தினால் ஹைமே சின் அழைத்தது கத்தோலிக்க வானொலியான வெரித்தாஸ் வழியாகவே. ஆட்சியாளரின் படையினர் அதன் ஒலிபரப்புக் கருவியைத் தகர்த்தனர். ஆயினும் குரல் வேறு நிலையத்திலிருந்து தொடர்ந்தது. அரசுக்கோ வணிகருக்கோ சொந்தமான நிலையம் அந்நாளில் அவ்வாறு பேசியிருக்குமா என்பது சந்தேகமே. தமிழர் பலருக்குப் பழக்கமான வெரித்தாஸ் ஆசிய வானொலி 2018 ஜூன் 30 அன்று சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தி இணையத்திற்கு மாறியது. உடைமை மாறவில்லை, வழி மாறியது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

நம் நாட்டின் விதிகளின்படி சமய அமைப்புகள் வணிகப் பண்பலை உரிமம் பெற முடியாது. ஆனால் கல்வி நிறுவனங்களும், மூன்று ஆண்டுகளேனும் பணியாற்றிய பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளும் சமூக வானொலி கேட்கலாம். நூறு வாட் ஆற்றலில் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் வரை அது கேட்கும். வடக்குப்பட்டு போன்ற ஊரில் நிலையம் அமைந்தால் சுற்றுக் கிராமங்களும் விடுதிகளும் ஆலை வாயில்களும் அதற்குள் அடங்கும். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு நாம் விடை காண வேண்டும்.

முதலாவது, இது யாருக்குச் சொந்தமாக இருக்கும்? ஆலைகளின் நன்கொடையை மட்டும் நம்பினால், விடுதி உணவைப் பற்றி ஒரு பெண் பேச வரும்போது ஒலிவாங்கி அணைந்துவிடக்கூடும். இரண்டாவது, யார் நடத்துவார்? தொடங்கிய குருவோ, கன்னியரோ இடமாற்றம் பெற்றுச் சென்ற மறுநாளும் நிலையம் ஒலிக்க வேண்டுமானால், பொறுப்பு உள்ளூர் மக்களிடம் இருக்க வேண்டும்; கணக்கு அவர்கள் முன் வாசிக்கப்பட வேண்டும். மூன்றாவது, யாரைச் சேர்த்துக்கொள்ளும்? அது கத்தோலிக்கருக்கான வானொலியாகச் சுருங்கிவிடக் கூடாது. எல்லாச் சமயத்தாரும் அதன் குழுவில் அமர வேண்டும். தமிழோடு இந்தியும் ஒடியாவும் ஒலிக்க வேண்டும்.

உடைமையாளரின் முடிவு எளியவர் வாழ்வை எப்படித் தொடும் என்பதை நம் பகுதி மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. தொழிலாளரின் கைத்திறன் குறைந்ததால் அது மூடப்படவில்லை. முடிவெடுத்த மேசையில் அவர்களுக்கு இடம் இல்லை.

யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு நல்ல மேய்ப்பரையும் கூலிக்கு மேய்ப்பவரையும் வேறுபடுத்துகிறார். ஓநாய் வரும்போது கூலிக்காரர் ஓடுவதற்குக் காரணம், ஆடுகள் அவருக்குச் சொந்தமல்ல. லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்திலோ, கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்கிறார். முதலாவது உடைமையைப் பற்றிய பாடம், இரண்டாவது நிர்வாகத்தைப் பற்றிய பாடம் எனலாம். மந்தையைத் தன்னுடையதாக நேசிக்கும் மனமும், கணக்கைச் சரியாகப் பார்க்கும் அறிவும் ஒருசேர வேண்டும்.

அடுத்த சமூகத் தொடர்பு நாளில் நம் பங்குப்பேரவைகளும் அன்பியங்களும் இதைப் பற்றிப் பேசட்டும். நம் பள்ளிகளும் சமூகப்பணி அமைப்புகளும் அண்டை ஊராரோடு கூடி அமரட்டும். இன்னொரு இரவில் ஒரு பெண் தன் தோழியின் நலம் அறிய நெடுஞ்சாலையில் அமர வேண்டிய நிலை வராதிருக்க, அவளுக்கு உண்மையைச் சொல்லும் குரலை உருவாக்குவது நம் கடமைகளுள் ஒன்றாகும்.