பத்தாயிரம் வெள்ளிக் கணினி: எதை, எப்போது?

மலாக்காவின் பத்து பெரண்டாமில் இன்பினியன் ஆலை இருக்கிறது. 1973இல் சீமென்ஸ் நிறுவனத்தின் கிளையாகத் தொடங்கிய இடம் அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயத்து வீடுகள் காலியான காலத்தில், ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை பஸ் ஏறி, இது போன்ற ஆலைகளுக்குத்தான் ஷிப்ட் வேலைக்கு வந்தார்கள். மதர்போர்டிலும் கிராபிக்ஸ் கார்டிலும் மின்சாரத்தைப் பதமாக்கித் தரும் சில்லுகளைச் செய்யும் நிறுவனங்களில் இன்பினியனும் ஒன்று. வடக்கே பினாங்கில் இன்டெல் 1972இலேயே ஆலை போட்டது. ஏஎம்டியின் ரைசன் சில்லுகள் பலவற்றின் உலோக மூடியில் ‘மேட் இன் மலேசியா’ என்றே பொறித்திருக்கும்.

அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்று புக்கிட் பெருவாங்கின் மல்டிமீடியா பல்கலைக்கழகத்திலும் டுரியான் துங்கலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு ஓர் ஆசை: பாகங்களைத் தானே தேர்ந்து, தானே பூட்டிய உயர்தர விளையாட்டுக் கணினி. பத்தாயிரம் வெள்ளியை எளிதில் எட்டிவிடும் ஆசை. “ஏன்டா ஐயா, ஒரு மோட்டார் சைக்கிள் காசுல கம்ப்யூட்டரா?” என்று வீட்டில் கேட்பதும் நியாயம்தான். அந்தப் பணம் வீணாகாமல் இருக்க, எதை வாங்குவது என்பதோடு எப்போது வாங்குவது என்பதையும் யோசிக்க வேண்டும்.

பெரும்பாலோர் கிராபிக்ஸ் கார்டிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் திரை. சாதாரண 1080பி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் சுமார் 37 லட்சம். 4கே திரையில் சுமார் 83 லட்சம். நொடிக்கு நூறு முறை படம் மாற வேண்டுமென்றால், இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு நூறு முறை வரைய வேண்டியது அந்தக் கார்டு. 1080பி திரையை வைத்துக்கொண்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 வாங்குகிறவர் தன் பணத்தில் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே போட்டு வைக்கிறார். 27 அங்குல 1440பி திரைதான் மாணவர் மேசைக்கு நிறைவான இடம். அதற்கு 16 ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ அல்லது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி போதும். இரண்டும் 2025 பிப்ரவரி, மார்ச்சில் வந்தவை. அறிவித்த விலை முறையே 749, 599 டாலர்.

திரை முடிவானதும் காலத்தைப் பார்க்க வேண்டும். என்விடியாவின் உச்ச வரிசைகள் 2020 செப்டம்பர், 2022 அக்டோபர், 2025 ஜனவரி என ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்திருக்கின்றன. ஒரு ரப்பர் கன்று பால் தரவே ஆறேழு ஆண்டாகும். அதற்குள் கிராபிக்ஸ் கார்டு மூன்று தலைமுறை பார்த்துவிடும். நடுவிலும் விலை நகரும். 2022 நவம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 வந்தபோது 1,199 டாலர். 2024 ஜனவரி 31இல் அதைவிடச் சற்று வேகமான 4080 சூப்பர் 999 டாலருக்கு வந்தது. 2023 கடைசியில் அவசரப்பட்டவர்கள் 200 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

ஆனால் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஜெயித்ததில்லை. 2024 தீபாவளி போனஸில் 4080 சூப்பர் வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். மூன்றே மாதத்தில், 2025 ஜனவரி 30இல், அதே 999 டாலர் அறிவிப்பு விலையில் 5080 வந்தது. அது சற்றே வேகமானது, அவ்வளவுதான். முதல் சில வாரங்களில் சரக்கும் அரிது, விலையும் அறிவித்ததைத் தாண்டிப் போனது. போனஸில் வாங்கியவர் அந்த மூன்று மாதமும் விளையாடிக்கொண்டிருந்தார். புது வரிசை வரப்போகிறது என்ற செய்தி மட்டும் காத்திருக்கப் போதுமான காரணமல்ல.

மலேசியருக்கு இன்னொரு கடிகாரமும் உண்டு: ரிங்கிட், அதாவது நம் வெள்ளியின் மதிப்பு. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 வெள்ளியை நெருங்கியது. 1998 நெருக்கடிக்குப் பிறகு அவ்வளவு சரிந்ததில்லை. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு மீண்டது. 999 டாலர் கார்டு முதல் கணக்கில் சுமார் 4,800 வெள்ளி, இரண்டாவதில் சுமார் 4,120. இறக்குமதியாளரின் லாபமும் வரியும் இதற்கு மேல். ஏழே மாதத்தில் கிட்டத்தட்ட 680 வெள்ளி வித்தியாசம். ஒரு நல்ல பவர் சப்ளையின் விலை. கடைக்காரர் பழைய விலைக்கு எடுத்த சரக்கு தீர்ந்த பிறகே இந்த மாற்றம் விலைத்தாளுக்கு வரும். ரிங்கிட் வலுத்த மறுநாளே கடைக்கு ஓடுவதில் பயனில்லை, ஓரிரு மாதம் பொறுக்கலாம்.

செயலியில் குழப்பம் குறைவு. விளையாட்டுக்கென்றே பார்த்தால் ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி முன்னணிச் செயலிகளில் ஒன்று. 2024 நவம்பர் 7இல் வந்தது. எட்டு கோர், 96 எம்பி எல்3 கேஷ். முந்தைய 7800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷ் அடுக்கு கோர்களுக்கு மேலே உட்கார்ந்து வெப்பத்தை அடைத்தது. இதில் அதைக் கீழே போட்டார்கள், கோர்களின் சூடு நேராக மூடிக்கு ஏறுகிறது. இது உட்காரும் ஏஎம்5 மேடையை 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு முன்னுதாரணம் உண்டு: 2017இல் வாங்கிய ஏஎம்4 போர்டுகள் பலவற்றில், பயோஸைப் புதுப்பித்து, 2022இல் வந்த 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. போர்டை மாற்றாமல் செயலியை மட்டும் மாற்றுவது எவ்வளவு பெரிய மிச்சம் என்பது கூலிப் பணத்தில் கணினி கட்டியவருக்குத் தெரியும்.

நினைவகம்தான் இப்போது தலைவலி. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொள்வதால், 2025 கடைசி மாதங்களில் டிடிஆர்5 விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. டிசம்பர் 3ஆம் தேதி மைக்ரான் தன் குருஷியல் என்ற சில்லறை விற்பனைப் பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. அந்த மைக்ரானின் ஆலை ஒன்று மலாக்கா எல்லையைத் தாண்டினால் வரும் மூவாரில் இருக்கிறது. பக்கத்து ஊரில் ஆலை இருந்தும் விலையில் சலுகை கிடையாது; உலகச் சந்தைதான் விலை வைக்கிறது. இந்த நிலையில் 32 ஜிபி போதும்; 64 ஜிபி ஆசையைத் தள்ளிப் போடலாம். 16 ஜிபி பட்டைகளாக இரண்டு வாங்கி, பயோஸில் எக்ஸ்போ அமைப்பை இயக்க வேண்டும். அதை மறந்தால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்து, அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கையில் நல்ல டிடிஆர்4 பட்டையோடு ஏஎம்4 கணினி இருந்தால், இந்த விலையில் அதைத் தூக்கிப் போடாமல் கார்டை மட்டும் மாற்றுவதே புத்திசாலித்தனம்.

வெளிநாட்டு விமர்சனங்கள் பெரிதாகப் பேசாத ஒன்று, மலாக்காவின் வெக்கை. பகலில் 31, 32 டிகிரி, காற்றில் ஈரம். ஆர்டிஎக்ஸ் 5080 மட்டும் 360 வாட் இழுக்கும். செயலியும் மற்றவையும் சேர்ந்தால் விளையாடும்போது 500 வாட்டைத் தாண்டும். அத்தனையும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளியேறும். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் வெளியேற்றும் வெப்பம் சுமார் 2,600 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்தக் கணினியே தின்றுவிடுகிறது. தாமான் வீட்டின் சின்ன அறையில், கூரை ஓடு பகலெல்லாம் காய்ந்த இரவில், இந்த வித்தியாசம் உடம்பில் தெரியும். தினம் நான்கு மணி நேரம் ஆடினால் மாதம் 60 யூனிட் மின்சாரம். 575 வாட் இழுக்கும் 5090ஐ ஏர்கோன் இல்லாத அறையில் வைக்க நினைப்பவர் மறுபடி யோசிக்க வேண்டும்.

ஆகவே கேசிங்கின் முன்பக்கம் கண்ணாடிச் சுவராக இல்லாமல் சல்லடையாக இருக்கட்டும். மூன்று விசிறி உள்ளிழுக்க, ஒன்று வெளியேற்ற என்றாலே போதும். சாம்பிராணிப் புகையும் ஊதுவத்திக் கரியும் விசிறி இறக்கையில் பிசினாக ஒட்டும். சாமி அறைப் பக்கத்தில் கணினியை வைக்காமல் இருப்பது நல்லது. தூசி வலையை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

பணத்தைக் குறைக்கக் கூடாத பாகம் பவர் சப்ளை. 5080க்கு என்விடியா சொல்லும் அளவு 850 வாட், 5090க்கு 1,000. ஏடிஎக்ஸ் 3.1 தரத்தில், பத்தாண்டு உத்தரவாதத்தோடு வாங்கினால் அடுத்த இரண்டு கணினிக்கும் அதுவே உழைக்கும். கார்டுக்குப் போகும் 16 முனைக் கம்பியை ‘க்ளிக்’ என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும். முனையருகே மடக்கவும் கூடாது. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது சில இணைப்புகள் உருகியதற்கு, முழுதாகச் செருகாததும் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. உலகிலேயே இடி மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மின்னல் காப்புள்ள பலகை வேண்டும். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும், இணையக் கம்பியையும் சேர்த்து.

உள்ளூர் நாட்காட்டியும் கைகொடுக்கும். தீபாவளி போனஸ் கைக்கு வரும் காலத்தை ஒட்டி 11.11, 12.12 இணைய விற்பனைகள் வருகின்றன. கேசிங், பவர் சப்ளை போன்ற, விலை அதிகம் மாறாத பாகங்களை அப்போது எடுக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வருமான வரி கட்டுபவர் டிசம்பர் 31க்குள் வாங்கினால், வாழ்க்கைமுறைக் கழிவான 2,500 வெள்ளிக்குள் கணினியையும் காட்டலாம், ரசீது பத்திரம். 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியான இபிஎப்பில் திறந்த மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்துக் கார்டு வாங்குவது மட்டும் வேண்டாம். ஓய்வுக்காலத்துச் சேமிப்பை இரண்டாண்டில் பழசாகும் பொருளில் போடக் கூடாது.

கார்டுகள், செயலிகளை நேரில் பார்த்து ஒப்பிட வேண்டுமானால் இரண்டு மணி நேரப் பயணத்தில் கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா இருக்கிறது. ஆனால் பழுதானால் யார் மாற்றித் தருவார், எத்தனை நாளில் என்பதை விலை கேட்கும் முன்பே கேட்க வேண்டும். பத்து இருபது வெள்ளி கூடுதலானாலும் மலாக்கா டவுனிலேயே உத்தரவாதம் தரும் கடை மேல்.

பழைய கார்டு வாங்குவதும் தவறில்லை. புது வரிசை வந்த முதல் இரண்டு மாதம் பழையவை விற்பனைக்குக் குவியும். 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் என்ற மின்னாணயம் தன் முறையை மாற்றியதும், அதுவரை அந்த நாணயத்தைத் தோண்டப் பயன்பட்ட கார்டுகள் உலகெங்கும் மலிவாக வந்து விழுந்தன. விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டச் சொல்லி, வெப்பநிலையைப் பார்த்து, விசிறிச் சத்தத்தைக் கேட்டு, உத்தரவாத ஸ்டிக்கரை ஒப்பிட்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும். ஓட்டிக் காட்டத் தயங்குகிறவரிடம் எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம்.